கோயில் மண்டபக் கன்சோலில் நான்கு இடங்களில் இரைச்சல்: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதிவு 1: மண்டப மிக்சர், பட்டர்வொர்த்

அனைவருக்கும் வணக்கம். பட்டர்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தின் ஒலியமைப்பை ஏழு ஆண்டுகளாகத் தொண்டாகக் கவனித்து வருகிறேன். முறையாகப் படித்தவன் அல்லன். மைக் கட்டி, கேபிள் சுற்றிக் கற்றுக்கொண்டவன். மண்டபத்தில் இருப்பது 24 சேனல் கொண்ட அனலாக் கன்சோல், அதாவது மைக்குகளின் ஒலியை ஒன்றுசேர்க்கும் மிக்சர். நான் வருவதற்கு முன்பே வாங்கியது என்பதால் வயது பதினைந்துக்குக் குறையாது.

பங்குனி உத்திரத்திற்கு மூன்று வாரங்களே இருக்கும் நிலையில் நான்கு இடங்களில் தொல்லை. நாதஸ்வரத்திற்கு வைத்திருக்கும் வயர்லெஸ் மைக் வரும் 3ஆம் சேனலில் ஓயாமல் 'ஸ்ஸ்' என்ற சீற்றம் கேட்கிறது. 7ஆம் சேனலில் குரல் திடீரென்று மெலிந்து, கரகரத்து, சில நேரம் முற்றிலும் நின்றுவிடுகிறது. கன்சோலின் மேல் தட்டினால் திரும்ப வருகிறது. ஓதுவாரின் கண்டென்சர் மைக் வரும் 12ஆம் சேனலில், இயக்கிப் பத்து நிமிடம் ஆனதும் எண்ணெயில் கடுகு பொரிவதைப் போன்ற ஓசை தொடங்குகிறது. கீபோர்டு வரும் 15, 16 இரண்டிலும் ரீங்காரம்.

கடையொன்றில் கொண்டுபோய்க் காட்டினேன். மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல், இதைத் தூக்கிப் போட்டுவிட்டு டிஜிட்டல் கன்சோல் வாங்குமாறு சொல்லிவிட்டார்கள். கோயில் நிர்வாகத்திடம் அதற்குப் பணம் இல்லை. நானாகவே கான்டாக்ட் கிளீனரை (மின் தொடுபுள்ளிகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) வாங்கி எல்லாக் குமிழ்களிலும், ஒலியளவைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் நகர்த்தும் ஃபேடர்களிலும் அடித்தேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் பழைய கதை. எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதிவு 2: செந்தூல் மேடை, கோலாலம்பூர்

வணக்கம் நண்பரே. நான்கு தொல்லைகளையும் ஒரே நோய் என்று எண்ணி ஒரே மருந்தை அடித்திருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் அவை நான்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்றே எனக்குத் தோன்றுகிறது. சீற்றம், கரகரப்பு, பொரிதல், ரீங்காரம் ஆகியவை காதுக்கே வேறு வேறாகக் கேட்கும்போது காரணமும் வேறாகத்தான் இருக்கும்.

எதையும் திறப்பதற்கு முன் ஓர் அரை மணி நேரம் ஒதுக்கி, மண்டபம் காலியாக இருக்கும்போது இதைச் செய்து பாருங்கள். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள். சந்தேகப்படும் சேனலில் செருகியிருக்கும் கேபிளை முழுவதுமாகக் கழற்றிவிடுங்கள். கழற்றியதும் இரைச்சல் போய்விட்டால் கன்சோலின் மேல் பழி இல்லை. கேபிள், மைக், வயர்லெஸ் ரிசீவர், மின் இணைப்பு என்று வெளியே தேட வேண்டும். கழற்றிய பிறகும் இருந்தால், உள்ளே வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்று தீர்மானிக்கும் கெயின் குமிழை மெதுவாகக் குறையுங்கள். கெயினோடு சேர்ந்து இரைச்சலும் குறைகிறதென்றால் அது ப்ரீஆம்பிலோ (மைக்கின் மெல்லிய ஒலியை முதலில் பெருக்கும் பகுதி) அதற்கு முன்னாலோ பிறக்கிறது. கெயினைக் குறைத்தும் மாறாமல், ஃபேடரைக் குறைத்தால் மட்டும் குறைகிறதென்றால் ப்ரீஆம்புக்கும் ஃபேடருக்கும் இடையில், அதாவது ஈக்யூ (ஒலியின் தன்மையை மாற்றும் குமிழ்கள்), இன்செர்ட் (வெளிக்கருவியை இடையில் இணைக்கும் ஜாக்) ஆகிய பகுதிகளில் பிறக்கிறது. ஃபேடரைக் கீழே இறக்கியும் மாறவில்லையென்றால் அது அந்தச் சேனலுடையதே அன்று. எல்லாச் சேனல்களும் வந்து சேரும் இடத்திலோ பவர் சப்ளையிலோ இருக்கிறது.

நான்குக்கும் தனித்தனியாகக் குறித்து எழுதுங்கள். அதுவரை ஸ்ப்ரேயைப் பூட்டி வையுங்கள்.

பதிவு 3: பழைய சால்டர், பினாங்கு

செந்தூல் நண்பர் சொன்னது முறையான வழி. நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பழுதுபார்ப்புப் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது வீட்டிலேயே கன்சோல்களையும் ஆம்ப்ளிஃபயர்களையும் திறந்து பார்க்கிறேன்.

தம்பி, சோதனையில் ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். எதுவும் செருகாத மைக் உள்ளீடு, மைக் செருகிய உள்ளீட்டைவிடச் சற்றுக் கூடுதலாகவே சீறும். அதைக் கேட்டுப் பழுது என்று எண்ணிப் பலர் ஏமாறுகிறார்கள். அதனால் ஓர் எக்ஸ்எல்ஆர் ஆண் பிளக்கை (மைக் கேபிளின் மூன்று முனைப் பிளக்) எடுத்து, அதன் 2ஆம் 3ஆம் முனைகளுக்கு இடையே 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஈயம் வைத்துப் பற்றவைத்து, பிளக்கை மூடிக்கொள்ளுங்கள். ஒரு டைனமிக் மைக்கின் மின்தடைக்கு அது ஏறத்தாழ ஈடாகும். அதைச் செருகிக் கேட்டால் அந்தச் சேனல் இயல்பாக எவ்வளவு சீறும் என்பது தெரியும். அறை வெப்பநிலையில் 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்று மட்டுமே 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் ஏறத்தாழ மைனஸ் 131 டிபியூ (ஒலி மின்னழுத்தத்தை டெசிபெல்லில் சொல்லும் அளவு) அளவுக்கு இரைச்சலைத் தன்னியல்பாகவே பிறப்பிக்கும். எந்த ப்ரீஆம்பும் அதற்குக் கீழே போக முடியாது. நல்ல கன்சோல்கள் அதற்கு இரண்டு மூன்று டெசிபெல் மேலே நிற்கும். உங்களிடம் அளக்கும் கருவி இருக்காது. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பிளக்கை நல்ல சேனலில் ஒருமுறையும் கெட்ட சேனலில் ஒருமுறையும் செருகி, கெயினை ஒரே அளவில் வைத்துக் கேளுங்கள். காதே போதும்.

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். கன்சோல் மண்டபத்தில் எந்த இடத்தில் இருக்கிறது? மூலஸ்தானத்திற்கு அருகிலா?

பதிவு 4: இரவுக் கச்சேரி, பிரிக்பீல்ட்ஸ்

15, 16ஆம் சேனல்களின் ரீங்காரத்திற்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. கீபோர்டின் பக்கம் இருக்கும் மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனையை மட்டும் துண்டித்துவிட்டால் ரீங்காரம் அந்த நொடியே நின்றுவிடும். திருமண மண்டபங்களில் பல ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறோம்.

பதிவு 5: பழைய சால்டர், பினாங்கு

மன்னிக்க வேண்டும், இதை மட்டும் கடுமையாகவே மறுக்கிறேன். ரீங்காரம் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த எர்த் கம்பி ரீங்காரத்திற்காகப் போடப்பட்டதன்று. கருவிக்குள் ஒரு நாள் லைவ் கம்பி தளர்ந்து உலோக உடலில் பட்டால், நம் நாட்டு 230 வோல்ட்டும் அந்த உடலில் ஏறி நிற்கும். எர்த் இருந்தால் பிரேக்கர் விழும். எர்த் இல்லையென்றால் கீபோர்டில் ஒரு கையும் மைக்கில் ஒரு கையுமாக இருப்பவர் வழியே அது கன்சோலின் எர்த்துக்குப் போகும். மைக்கின் உலோகத் தலையில் உதடு படும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

இரண்டு முனைப் பிளக்கைச் செருகுவதற்காக எர்த் துளையில் பேனாவையோ சாப்ஸ்டிக்கையோ குத்தித் திறக்கும் பழக்கம் நம்மில் எத்தனை வீடுகளில் இருக்கிறது! அந்தத் துணிச்சலை மேடைக்கும் கொண்டுவர வேண்டாம்.

பதிவு 6: இரவுக் கச்சேரி, பிரிக்பீல்ட்ஸ்

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. இதுவரை எதுவும் நடக்கவில்லை என்பதையே பாதுகாப்பு என்று எண்ணியிருந்தேன். வேறு வழி என்ன என்பதையும் எழுதிவிடுங்கள். எங்கள் பெட்டியிலும் அப்படி வெட்டிய பிளக்குகள் இரண்டு இருக்கின்றன.

பதிவு 7: மண்டப மிக்சர், பட்டர்வொர்த்

நேற்றிரவு அர்த்தசாம பூசை முடிந்த பிறகு இருவரும் சொன்னபடி சோதித்தேன். ஐயா கேட்டதற்கு முதலில் விடை: ஆம், கன்சோல் மூலஸ்தானத்திலிருந்து பத்தடி தூரத்தில், தூணுக்குப் பின்னால் இருக்கிறது.

3ஆம் சேனல்: 150 ஓம் பிளக்கைச் செருகியபோது பக்கத்துச் சேனலுக்கும் இதற்கும் வேறுபாடே தெரியவில்லை. வயர்லெஸ் ரிசீவரைத் திரும்பச் செருகியதும் சீற்றம் வந்துவிட்டது. மற்றவற்றைவிட இதில் கெயினை மிக உயர்த்தி வைத்திருக்கிறேன் என்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

7ஆம் சேனல்: பிளக்கோடு கேட்டபோது பெரும்பாலும் அமைதியாக இருந்தது, நடுநடுவே ஒரு 'டப்', ஒரு கரகரப்பு. கெயினை முழுவதும் குறைத்தாலும் அந்த 'டப்' வந்தது. ஃபேடரை இறக்கியதும் நின்றது.

12ஆம் சேனல்: மைக்கைக் கழற்றிவிட்டு 150 ஓம் பிளக்கைச் செருகினேன். சற்று நேரத்தில் கடுகு பொரியத் தொடங்கியது. கெயினைக் குறைத்தால் குறைகிறது.

15, 16: கீபோர்டைக் கழற்றினால் முழு அமைதி. கீபோர்டு பேட்டரியில் இயங்கும் வகையன்று. கீபோர்டோடு சேர்த்து ஒரு மடிக்கணினியும் பின்னணி இசைக்காக இணைக்கப்பட்டிருக்கிறது என்பதை முதற்பதிவில் எழுத மறந்துவிட்டேன்.

பதிவு 8: செந்தூல் மேடை, கோலாலம்பூர்

அந்தக் கடைசி வரிதான் நான் காத்திருந்தது. மடிக்கணினியின் சார்ஜரை மட்டும் சுவரிலிருந்து கழற்றிவிட்டுக் கேளுங்கள். ரீங்காரம் நின்றால் விடை அதுதான். சார்ஜர் மேடைப் பக்கத்து சாக்கெட்டில், கன்சோல் தூண் பக்கத்து சாக்கெட்டில் என்றால், எர்த் கம்பிகள் வழியாக ஒரு பெரிய வளையம் உருவாகி, அதில் ஓடும் சிறு மின்னோட்டம் ஒலிக் கேபிளின் உறை வழியே கன்சோலுக்குள் நுழைகிறது. வெட்ட வேண்டியது மின்சார எர்த்தை அன்று, ஒலிக் கேபிளின் வழியே இருக்கும் இணைப்பை. அதற்கென்றே, கருவிக்கும் கன்சோலுக்கும் நடுவே வைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட டிஐ பெட்டி இருக்கிறது. கீபோர்டுக்கு ஒன்று, மடிக்கணினிக்கு ஒன்று வைத்து, ஒலிக் கேபிளின் உறை இணைப்பைத் துண்டிக்கும், பெட்டியில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள். பிரிக்பீல்ட்ஸ் நண்பருக்கும் இதுவே விடை.

முடிந்தால் மேடைக் கருவிகளுக்கும் கன்சோலுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள். ஒரு நீள எக்ஸ்டென்ஷன் கேபிளின் விலையில் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

ரீங்காரத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. கைப்பேசியில் ஸ்பெக்ட்ரம் காட்டும் இலவசச் செயலி ஒன்றை இறக்கி ஸ்பீக்கர் முன் பிடியுங்கள். 50 ஹெர்ட்ஸில் உச்சம் தெரிந்தால் பெரும்பாலும் எர்த் வளையம் அல்லது அருகிலிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர். எல்லாச் சேனல்களிலும் ஒருசேர 100 ஹெர்ட்ஸில் உச்சம் தெரிந்தால் பவர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் தளர்ந்துவிட்டன என்று பொருள். மின்சாரம் நேர்த்திசையாக்கப்படும்போது அலைவு இரட்டிப்பாகிவிடுகிறது. உங்களுக்கு அந்த நிலை இல்லை. நல்ல காலம்.

பதிவு 9: பழைய சால்டர், பினாங்கு

3ஆம் சேனலைப் பற்றி நீங்களே பாதி விடையை எழுதிவிட்டீர்கள். வயர்லெஸ் ரிசீவரின் பின்புறம் மைக், லைன் என்று ஒரு சிறு சுவிட்சோ, வெளியீட்டு அளவுக்கான குமிழோ இருக்கும். அது கீழே இறக்கி வைக்கப்பட்டிருந்தால், அந்தக் குறையை ஈடுகட்டக் கன்சோலின் கெயினை நீங்கள் உயர்த்துகிறீர்கள். அப்போது ரிசீவரின் சொந்த இரைச்சலும் சேர்ந்து உயர்கிறது. ரிசீவரை உயர்த்துங்கள், கன்சோலில் இறக்குங்கள். நாதஸ்வரக்காரரின் இடுப்பிலுள்ள டிரான்ஸ்மிட்டரிலும் ஒரு கெயின் உண்டு. அதையும் பாருங்கள், ஆனால் அதில் கைவைக்கும்போது அவரை உச்ச ஸ்தாயியில் முழு வேகத்தில் ஊதச் சொல்லிச் சரிபாருங்கள். நாதஸ்வரம் எந்த மைக்கிலும் ஒலியை உடையச் செய்துவிடும் வாத்தியம். ஆக, 3இல் பழுதே இல்லை.

7ஆம் சேனல் நான் நூறு முறை பார்த்த நோய். கன்சோலின் பின்புறம் ஒவ்வொரு சேனலுக்கும் இன்செர்ட் என்று ஒரு கால் அங்குல ஜாக் இருக்கும். அதில் எதுவும் செருகாதபோது, ஜாக்கின் உள்ளே இருக்கும் ஒரு மெல்லிய உலோகத் தகடு இன்னொரு தகட்டின் மேல் படிந்திருக்கும். சேனலின் ஒலி முழுவதும் அந்தத் தொடுபுள்ளி வழியாகத்தான் போகிறது. பதினைந்து ஆண்டுகளாக யாரும் அதில் ஒன்றும் செருகவில்லை என்றால் அந்தத் தொடுபுள்ளியில் படலம் படிந்துவிடும். குரல் மெலிவது, தட்டினால் திரும்புவது, கெயினுக்குக் கட்டுப்படாமல் ஃபேடருக்குக் கட்டுப்படுவது எல்லாம் இதற்குப் பொருந்துகின்றன. உறுதி செய்ய, ஒரு ஸ்டீரியோ பிளக்கின் நுனியையும் நடு வளையத்தையும் கம்பியால் ஒன்றாக இணைத்து அந்த ஜாக்கில் செருகுங்கள். கரகரப்பு நின்றால் குற்றவாளி அகப்பட்டான். பிறகு கன்சோலை அணைத்துவிட்டு, கான்டாக்ட் கிளீனரைப் பிளக்கின் மேல் தடவி, இருபது முப்பது முறை செருகி எடுங்கள். ஜாக்கின் உள்ளே நேரடியாகப் பீய்ச்ச வேண்டாம். பலகை முழுவதும் வழியும்.

நீங்கள் குமிழ்களில் அடித்தபோது இரண்டு நாள் நன்றாக இருந்தது ஏன் என்று கேட்கலாம். அடிக்கும்போது கன்சோலை நகர்த்தியிருப்பீர்கள், அழுத்தியிருப்பீர்கள். அந்த அசைவில் தகடு ஒருமுறை ஒழுங்காகப் படிந்திருக்கும். மருந்து வேலை செய்யவில்லை. மருந்து கொடுத்த கை வேலை செய்தது.

12ஆம் சேனலுக்கு மூடியைத் திறக்க வேண்டும். ஃபான்டம் மின்சாரத்தை (கண்டென்சர் மைக் இயங்கக் கன்சோல் மைக் கேபிள் வழியே அனுப்புவது) அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் பொறுத்து, அதே 150 ஓம் பிளக்கோடு கேட்டீர்களா? அதை முதலில் எழுதுங்கள்.

பதிவு 10: மண்டப மிக்சர், பட்டர்வொர்த்

மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் 15, 16 இரண்டும் அடங்கின. டிஐ பெட்டிகள் இரண்டை நண்பரிடம் இரவல் வாங்கிப் போட்டுவிட்டேன். சார்ஜரை மாட்டினாலும் இப்போது ரீங்காரம் இல்லை. ரிசீவரின் பின்னால் சுவிட்ச் 'மைக்' பக்கத்தில் இருந்தது. யார் எப்போது தள்ளினார்களோ! லைன் பக்கம் தள்ளிக் கெயினை இறக்கியதும் 3 சுத்தமாகிவிட்டது.

7இல் இணைத்த பிளக்கைச் செருகியதும் கரகரப்பு ஒரே அடியாக நின்றது. முப்பது முறை செருகி எடுத்தபோது பிளக்கின் நுனியில் கறுப்பாகவும், அதோடு ஒரு வெண்மையான மாவாகவும் படிந்து வந்தது. மாவை விரலில் தேய்த்துப் பார்த்தேன். திருநீறு.

12இல் ஃபான்டத்தை அணைத்து இரண்டு நிமிடம் ஆனதும் பொரிதல் நின்றுவிட்டது. திரும்ப இயக்கியதும் பத்து நிமிடத்தில் தொடங்கியது.

பதிவு 11: பழைய சால்டர், பினாங்கு

மூலஸ்தானத்திற்கு அருகிலா என்று கேட்டது அதற்காகத்தான். ஊதினாலே பறக்கும் நுண்ணிய சாம்பல், கர்ப்பூரப் புகையின் கரி, சாம்பிராணியின் பிசின், கடற்காற்றின் ஈரம் எல்லாம் ஃபேடரின் பிளவுகள் வழியே உள்ளே இறங்கும். பினாங்கில் நான் திறந்த கோயில் கன்சோல்களுக்கும் உணவகக் கன்சோல்களுக்கும் வேறுபாடு வாசனையிலேயே தெரியும்.

12க்கு வருவோம். அந்த ஓசைக்கு மூன்று சந்தேகங்கள் இருந்தன. கண்டென்சர் மைக்கின் உள்ளே ஈரம் இறங்கினால் இப்படிப் பொரியும். நம் ஊர் ஈரத்தில் அது மிகவும் சாதாரணம். கேபிளில் உறைக்கும் உட்கம்பிக்கும் இடையே கசிவு இருந்தாலும் பொரியும். ஆனால் நீங்கள் மைக், கேபிள் இரண்டையும் கழற்றி 150 ஓம் பிளக்கை மட்டும் செருகியும் பொரிந்தது. ஃபான்டத்தை அணைத்தால் நிற்கிறது. மீதி இருப்பது ஒன்றுதான்: 48 வோல்ட்டை மைக்குக்கு அனுப்பிவிட்டு ப்ரீஆம்புக்குள் வராமல் தடுத்து நிற்கும் இரண்டு கெப்பாசிட்டர்கள். அவற்றில் ஒன்று கசிகிறது. கசியும் மின்னோட்டம் ஒரு சீராக இல்லாமல் துள்ளுவதைத்தான் ப்ரீஆம்ப் பெருக்கி உங்களுக்குக் கடுகாகக் காட்டுகிறது.

திறப்பதற்கு முன் மின் கேபிளைச் சுவரிலிருந்தே கழற்றிவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். பவர் சப்ளைப் பகுதியைத் தொடவே வேண்டாம். எக்ஸ்எல்ஆர் ஜாக்குக்கு அருகிலேயே, 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டின் பக்கத்தில், ஒரே மாதிரியான இரண்டு எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் நிற்கும். பெரும்பாலும் 47 மைக்ரோஃபாரட், 63 வோல்ட். மதிப்பை அதன் உடம்பிலேயே படித்து உறுதி செய்யுங்கள். ஒன்றுதான் கெட்டிருக்கிறது என்றாலும் இரண்டையும் மாற்றுங்கள். இருபக்கமும் சமமாக இருந்தால்தான் கேபிளில் ஏறும் ரீங்காரம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். 50 வோல்ட் கெப்பாசிட்டர் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். 48க்கும் 50க்கும் இடையே மூச்சுவிட இடமில்லை. பாசிட்டிவ் கால் ஜாக்கின் பக்கம் இருக்கும். கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவு 12: செந்தூல் மேடை, கோலாலம்பூர்

கோலாலம்பூர் பக்கம் யாராவது இதைப் படித்தால், புடுவில் ஜாலான் பாசார் கடைகளில் இந்தக் கெப்பாசிட்டர்கள் சில்லறையாகவே கிடைக்கும். 105 பாகை என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் பத்துப் பாகை கூடினால் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. மூடிய மண்டபத்தில், துணி போர்த்திய கன்சோலை நாள் முழுவதும் இயக்கி வைப்பவர்களுக்கு இது பெரிய வேறுபாடு.

பதிவு 13: மண்டப மிக்சர், பட்டர்வொர்த்

ஞாயிற்றுக்கிழமை திறந்தோம். ஈயம் வைக்கத் தெரிந்த உறவினர் ஒருவர் உடன் இருந்தார். ஐயா சொன்ன இடத்திலேயே இரண்டும் நின்றன, 47, 63. ஒன்றின் அடியில் பழுப்பு நிறத்தில் பசை போல ஒரு கறை இருந்தது, மற்றது பார்வைக்குப் புதிதாக இருந்தது. இரண்டையும் மாற்றினோம். பழையதன் கறையை ஐசோப்ரொப்பில் ஆல்கஹாலும் பல் துலக்கும் தூரிகையும் கொண்டு துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே மூடினோம். பக்கத்தில் விளக்கு எரியாத இடமாகப் பார்த்துத்தான் செய்தோம்.

நேற்று மாலை முழுவதும் ஃபான்டத்தை இயக்கி வைத்திருந்தேன். மூன்று மணி நேரம் ஆகியும் ஒரு பொரிதல்கூட இல்லை. ஓதுவார் திருப்புகழ் பாடி முடித்துவிட்டு, மைக் வேலை செய்கிறதா என்று என்னைக் கேட்டார். இரைச்சல் இல்லாததால் அணைந்துவிட்டது என்று எண்ணிவிட்டாராம்.

மற்ற 23 இன்செர்ட் ஜாக்குகளிலும் பிளக்கைச் செருகி எடுத்துவிட்டேன். ஐந்தில் திருநீறு வந்தது. ஒரு கேள்வி மீதி இருக்கிறது. மூடியைத் திறந்தபோது, 17 முதல் 24 வரையிலான சேனல்களை இணைக்கும் பட்டைக் கேபிளின் முனை சற்று மேலே எழும்பியிருந்தது போல் தெரிந்தது. அந்தச் சேனல்களில் இப்போது தொல்லை ஒன்றும் இல்லை. அழுத்தி விடலாமா, அப்படியே விட்டுவிடலாமா?

பதிவு 14: பழைய சால்டர், பினாங்கு

மின்சாரத்தை அணைத்துவிட்டு, நேராக மேலே இழுத்துக் கழற்றி, நேராகத் திரும்ப அழுத்துங்கள். வெறுமனே மேலிருந்து அழுத்துவதைவிட ஒருமுறை கழற்றிச் செருகினால் முனைகள் தம்மைத் தாமே உரசிச் சுத்தம் செய்துகொள்ளும். பிறகு இயக்கி, காப்பிக்கடையில் மீ கோரேங்குக்குக் கொடுப்பார்களே, அந்த மரச் சாப்ஸ்டிக்கால் பட்டையின் மேல் மெதுவாகத் தட்டிக்கொண்டே ஹெட்ஃபோனில் கேளுங்கள். எட்டுச் சேனல்களும் அமைதியாக இருந்தால் மூடிவிடுங்கள். பவர் சப்ளைப் பக்கம் மட்டும் சாப்ஸ்டிக் போக வேண்டாம்.

கன்சோலைத் தூணின் மறுபக்கத்துக்கு நகர்த்த நிர்வாகம் சம்மதிக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

பதிவு 15: மண்டப மிக்சர், பட்டர்வொர்த்

கழற்றிச் செருகினேன், தட்டினேன், எட்டும் அமைதி. நகர்த்துவதற்குச் சம்மதம் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் நவக்கிரக சன்னிதி இருக்கிறது. கண்ணாடி மூடி ஒன்று செய்து தருவதாக மண்டபத்தின் தச்சர் சொல்லியிருக்கிறார். காற்று புகப் பின்புறம் துளை விடுமாறு சொல்லியிருக்கிறேன்.